சோதனையும் உறையும்

ஆம்ஸ்டர்டாமில் 1963ல் ‘டோட்டல் டிசைன்’ ஸ்டூடியோவைத் தொடங்கியவர்களில் ஒருவர் விம் க்ரௌவெல். 1967ல் ‘புதிய அகரவரிசை’ என்று ஓர் ஆங்கில எழுத்துருவை வெளியிட்டார். அதில் வளைகோடு கிடையாது. நெடுக்கிலும் குறுக்கிலும் கோடுகள். மூலைகளில் மட்டும் சிறு சாய்வு. தலைப்பெழுத்துக்குத் தனி வடிவம் இல்லை. ‘என்’னின் அடியில் கோடு போட்டால் ‘எம்’. பழகாத கண்ணுக்குப் பல எழுத்துக்கள் பிடிபடுவதேயில்லை.

இது வெறும் விநோதம் அல்ல. மின்திரையில் எழுத்தை உண்டாக்கும் அச்சுக்கோப்பு யந்திரங்கள் அப்போதுதான் வந்திருந்தன. அவை வளைவுகளைப் பல்பல்லாகச் சிதைத்தன. எழுத்தை யந்திரத்தின் தர்க்கத்திலிருந்தே பிறப்பித்தால் என்ன என்பது க்ரௌவெலின் கேள்வி. உபயோகத்துக்காகச் செய்ததல்ல என்பதை அவரே சொல்லியிருக்கிறார். கெரார்ட் உங்கர் எதிர் யோசனை ஒன்றை எழுதினார். இணங்க வேண்டியது யந்திரம், வாசகனின் கண் அல்ல என்பது அவர் கட்சி. எனக்கு உங்கர் சொல்வதே சரியென்று படுகிறது. ஆனால் க்ரௌவெலின் பிடிவாதம் இல்லாமல் அந்த விவாதமே எழுந்திராது. ஸ்டூடியோப் பயிற்சியின் நியாயம் இதுதான்.

1988ல் ‘ஜாய் டிவிஷன்’ இசைக்குழுவின் ‘சப்ஸ்டன்ஸ்’ தொகுப்பு உறையில் இந்த எழுத்துக்கள் வந்தன, படிக்கத் தோதாகத் திருத்தப்பட்டு. உறை அழகாகவே இருக்கிறது. கேள்வி உதிர்ந்துவிட்டது, கோணங்கள் மிஞ்சியிருக்கின்றன.

கவிதையில் வரியை உடைக்கிறவனிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த நெருக்கடி உடைக்க வைத்தது? பதில் இல்லையென்றால் அவன் செய்திருப்பது சோதனையல்ல, உறை.