நொட்டுஸ்வரத்துக்குத் தம்புரா எதற்கு?

மேற்கத்திய மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் சாஹித்யம் எழுதிய நொட்டுஸ்வரங்களைச் சின்னப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவைத்தவர்கள் மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. ஜண்டை வரிசை முடித்த குழந்தைகள் ஆண்டு விழாவில் கோரஸாகப் பாடுவார்கள், பின்னால் கீபோர்டு முழங்கும். பெரிய வித்வான்கள் தொட்டால் கச்சேரி முடியும் நேரத்தில் இரண்டு நிமிஷம், சபை கைதட்டுவதற்காக. கிட்டத்தட்ட நாற்பது உருப்படிகளில் நாலைந்துக்கு மேல் மேடை ஏறுவதில்லை.

எனக்கு அவற்றில் ‘வந்தே மீனாக்ஷி’ ஒன்று போதும். மெட்டு ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற ஐரிஷ் நடனம். ஹாண்டெல் இருந்த காலத்து உருப்படி. முதல் அடி ஸ க ஸ க என்று துள்ளிவிட்டுச் சரசரவென்று இறங்கும். இரண்டாம் அடியும் அதே உருவம்தான், ஒரு படி கீழே: நி ரி நி ரி. இதற்குத் தீட்சிதர் சாஹித்யம் வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். துள்ளும் ஸ்வரங்கள் ஆறுக்கும் கனத்த அசைகள், ஓடி இறங்கும் நாலுக்கும் வெறும் குறில்கள். அடுத்த அடியிலும் இம்மி பிசகாமல் அதே கணக்கு. வில்லை எங்கே அழுத்துவது, எங்கே லேசாக விடுவது என்று வயலின்காரருக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எழுத்தே சொல்லிவிடுகிறது.

இங்கேதான் தம்புரா எனக்கு இடிக்கிறது. நி ரி நி ரி வரும்போது அடியில் ஆதார ஷட்ஜம் விடாமல் ஒலித்தால் நிஷாதம் அதோடு உரசுகிறது. ஒரு செல்லோ அந்த இடத்தில் பஞ்சமத்துக்கு நகர்ந்து கொடுக்கட்டும். ப, நி, ரி மூன்றும் ஒட்டி நிற்கும். அடி முடிந்து ஷட்ஜத்துக்கு வரும்போது காது நிறையும். பரோக் இசைக் குழுக்களில் செல்லோவும் ஹார்ப்சிகார்டும் செய்யும் வேலை இதுதான்.

கமகம் இல்லாத சங்கராபரணம் என்ன சங்கராபரணம் என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அது வேண்டுமென்றால் அதே தீட்சிதரின் ‘அக்ஷயலிங்க விபோ’ இருக்கிறது. நானும் அதற்கு உருகுகிறவன்தான். இரண்டையும் ஒரே கை செய்தது என்பதில்தான் அவருடைய பெருமை. வெள்ளைக்காரன் பேண்டைக் காப்பியடித்தது என்பவர்களை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை. அரசரை வாழ்த்தும் மெட்டில் சங்கீத சியாமளையை உட்காரவைத்தவரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது?

எங்கள் எண்ணூர்க்காரர்களுக்கு இதில் தனி உரிமை உண்டு. மணலி பக்கத்து ஊர். இன்று சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளும் டேங்கர் லாரிகளும்தான் கண்ணில் படும். முத்துக்கிருஷ்ண முதலியார் அழைத்து, முத்துஸ்வாமி தீட்சிதரின் தந்தை ராமஸ்வாமி தீட்சிதர் குடும்பத்தோடு வந்து தங்கிய ஊர் அது. முதலியாரின் மகன் வெங்கடகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷ். ஜார்ஜ் கோட்டையில் பேண்டு கேட்க ராமஸ்வாமி தீட்சிதரின் பிள்ளைகளை அழைத்துப்போனவர் அவர். கடைக்குட்டி பாலுஸ்வாமிக்கு ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரை அமர்த்தி வயலின் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1786இல் பிறந்த அந்தப் பிள்ளையின் கையில்தான் வயலின் நம் சங்கீதத்துக்குள் வந்தது. தியாகராஜரின் திருவொற்றியூர் பஞ்சரத்னத்தைக் கொண்டாடும் இந்தப் பக்கத்து ரசிகர்கள்கூட மணலியைச் சொல்வதில்லை.

காலடிப்பேட்டையில் ஒரு பெரியவர் வயலின் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றித்தான் வாசிப்பார். தோடியில் ஆடும் அதே விரல், நொட்டுஸ்வரம் வந்ததும் தந்தியில் ஆணியடித்தது போல நிற்கும். வில்லைப் பாதிக்கு மேல் இழுக்கமாட்டார். குட்டைக் குட்டையாக, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நடுவில் ஒரு இழை இடைவெளி. வயல் கலைஞர் ஜோர்டி சவால் 2009இல் வெளியிட்ட ‘தி கெல்டிக் வயல்’ தொகுப்பை முதலில் கேட்டபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. நரம்புத் தந்தியில் ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளைச் சவால் வாசிக்க, ஆண்ட்ரூ லாரன்ஸ்-கிங் ஹார்ப்பில் கூட வருகிறார். இதே குடும்பத்து மெட்டுகள், அதே மூச்சு விடும் வில். நம் பிள்ளைகளுக்கு இன்று நீள வில்லும் மைக்கும்தான் தெரிகிறது. இசையமைப்பாளர் கன்னிகேஸ்வரன் நொட்டுஸ்வரங்களை ஆராய்ந்து ‘விஸ்மயா’ என்று தொகுப்பும் கொடுத்தாரே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒருவரோடு முடிகிற வேலையில்லை இது.

எனக்கு வேண்டியது சின்னக் குழு: இரண்டு வயலின், ஒரு செல்லோ, மரக் குழல் ஒன்று, கோட்டை பேண்டின் நினைவுக்கு ஒரு ஓபோ, தோல் முரசு. ‘சக்தி ஸஹித கணபதிம்’ தொடங்கட்டும், ‘வந்தே மீனாக்ஷி’ நடன வேகத்திலேயே போகட்டும். அரசரை வாழ்த்தும் மெட்டில் அமைந்த ‘ஸந்ததம் பாஹிமாம்’ மட்டும் யோசித்து எடுக்க வேண்டும். எழுந்து நின்று கேட்கிற கீதம் என்று நினைத்து எல்லோரும் இழுத்துவிடுகிறார்கள். 1745இல் லண்டன் நாடக அரங்குகளில் பாடிப் பரவிய அந்த மெட்டின் நடை, அதற்கும் முந்திய கேலியார்ட் என்னும் மறுமலர்ச்சிக் கால நடனத்தின் நடை. மூன்று மூன்று அட்சரமாகப் போகும். முதல் பகுதி ஆறு ஆவர்த்தம், இரண்டாவது எட்டு. இந்த ஏற்றத்தாழ்வு காதில் விழ வேண்டுமென்றால் துள்ளி வாசிக்க வேண்டும். இழுத்தால் ஆறும் எட்டும் ஒன்றாகக் கரைந்துபோகும்.