மருத்துவரின் ஏடும் தலைவரின் பண்பும்

மருத்துவமனை நிர்வாகம் பயில்வோர் போற்றும் நூல்களுள் ஒன்று ‘இன்ஃபினிட் விஷன்’. பவித்ரா மேத்தாவும் சுசித்ரா ஷெனாயும் எழுதி 2011இல் வெளிவந்த இந்நூல், மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் வரலாறாகும். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை செய்த அவர், கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்துப் பணியின் பெரும்பகுதியை அவர்களிடம் ஒப்படைத்தார். கட்டணம் செலுத்துவோரின் பணத்தால் ஏழைக்கும் பார்வை கிடைத்தது. இவ்வமைப்பை நூல் தெளிவாக விளக்குகிறது.

ஆயினும் ஒரு குறை உண்டு. நூலாசிரியருள் ஒருவர் டாக்டரின் குடும்பத்தவர். அன்பு மிகுந்த நடையில், தலைவரின் நற்பண்பே அனைத்துக்கும் ஆதாரமாகத் தோன்றிவிடுகிறது. தலைவர் தவறினால் கேட்பவர் யார்?

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ, ‘அதபுத் தபீப்’ எனும் நூலில் இவ்வினாவுக்கு விடை தருகிறார். நோயாளியைக் காணும்தோறும் மருத்துவர் அவரது நிலையை எழுதிவைக்க வேண்டும். நோயாளி இறந்தால் பிற மருத்துவர்கள் அவ்வேட்டை ஆராய வேண்டும். நற்பண்பை வலியுறுத்தும் ருஹாவீ, அதனை மட்டும் நம்பி நின்றுவிடவில்லை.

முன்னோரின் மருத்துவப் பெருமையை மேடைதோறும் பேசும் நாம், இந்நூலைப் பாடமாக்க எண்ணியதுண்டா? எலவனாசூர்கோட்டைக்கு அருகே கள்ளக்குறிச்சியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளின் கையில் இரு நூல்களும் இருக்கட்டும். முன்னது உழைக்கும் மனத்தைத் தரும். பின்னது கணக்குக் காட்டும் துணிவைத் தரும்.