பொட்டி மரத்தில் ஒரு கிட்டார்

என் மடியில் இப்போது கிடக்கிற எலெக்ட்ரிக் கிட்டாரின் உடல், போன வருடம் வரை ஏதோ ஒரு இயந்திரத்தைச் சுமந்துகொண்டு கப்பலில் வந்த பேலட் மரம். அம்பத்தூர்ப் பக்கம் பழைய பேலட்டுகளைப் பிரித்து விற்கிற ஒரு கிடங்கில் நான்கு கட்டைகளை 300 ரூபாய்க்கு வாங்கினேன். இழைத்துத் தரச் சொல்லி எங்கள் தெரு ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் கட்டையைத் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், பிறகு என்னையும் ஒரு முறை பார்த்தார்.

"சார், இது பொட்டி மரம். வீணைன்னா பலா. கிட்டாருக்குப் போயி இதையா எடுத்துட்டு வந்தீங்க?"

இதைத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் புத்திக்காக இன்றைக்கும் என் முதுகை நானே தட்டிக்கொள்கிறேன்.

அவருக்கு அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். வீணையில் குடம்தான் பாடுகிறது. அதற்குப் பலா வேண்டும். கெட்டி உடல் எலெக்ட்ரிக் கிட்டாரில் குடமே கிடையாது. கம்பியின் அதிர்வைக் காந்தமும் செம்புச் சுருளும் சேர்ந்த பிக்கப் பிடித்துக் கொடுக்கிறது. மரம் எல்லாவற்றையும் அசையாமல் தாங்கி நின்றால் போதும். 1940 வாக்கில் லெஸ் பால் என்கிற கிட்டார்க்காரர் நியூயார்க்கில், எபிஃபோன் கிட்டார் தொழிற்சாலையில் உட்கார்ந்து, நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டை ஒன்றில் கழுத்தும் பிக்கப்பும் பூட்டி வாசித்தார். பார்க்கக் கட்டையாக இருக்கிறதே என்று ஜனங்கள் முகம் சுளிக்க, பழைய கிட்டார் ஒன்றை இரண்டாகப் பிளந்து இருபுறமும் இறக்கை மாதிரி ஒட்டிக்கொண்டார். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், கிட்டார் வாசிக்கவே தெரியாத மனுஷர், 1949-இல் செய்து பார்த்த முதல் மாதிரியின் உடலும் பைன்தான். பிறகு ஆஷ் மரத்துக்கு மாறினார்கள், டெலிகாஸ்டர் என்று பெயர் வந்தது, உலகம் பைனை மறந்துபோனது. நான் மறக்கவில்லை!

கட்டையில் இருந்த முத்திரையில் நியூசிலாந்தின் நாட்டுக் குறி இருந்தது. அங்கே தோட்டம் தோட்டமாக வளர்ப்பது ரேடியாட்டா பைன். அதன் பூர்வீகம் எது தெரியுமா? கலிஃபோர்னியாக் கடற்கரை. லியோவின் ஊர்க்காரன் சுற்றி வளைத்து அம்பத்தூருக்கு வந்து சேர்ந்திருக்கிறான் என்று ராத்திரி பூரா தூக்கம் வரவில்லை எனக்கு.

வாங்கியதை உடனே அறுக்கவில்லை. ஆணியைப் பிடுங்கி, கட்டிலுக்கு அடியில் குச்சி வைத்து இடைவெளி விட்டு அடுக்கி இரண்டு மாதம் போட்டேன். சென்னைக் காற்றுக்குப் பழகட்டும், முறுக்க வேண்டியதெல்லாம் இப்போதே முறுக்கிக்கொள்ளட்டும் என்றுதான். பிறகு ஆசாரி இழைத்துக் கொடுத்தார். ஒன்றே முக்கால் அங்குலக் கனம், ஃபெண்டர் கணக்கு. நான்கையும் பக்கவாட்டில் ஃபெவிகால் தடவி ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைத்தேன். முட்டியால் தட்டினால் கதவைத் தட்டுகிற மாதிரி இல்லை. மிருதங்கத்தின் தொப்பியைத் தட்டியதுபோல ஒரு 'தும்'.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சொர்க்கம். தேக்கோ வேங்கையோ என்றால் என் கையில் இருக்கிற மலிவான ஜிக்சா அழுதிருக்கும். பைன், வெண்ணெயில் கத்தி. உருவத்தைக் கோட்டுக்கு அரை நூல் வெளியே அறுத்துவிட்டு, எம்.டி.எஃப். அச்சை ஒட்டி ரவுட்டரால் கோடு வரை கொண்டுவந்தேன். ஒரேயடியாக ஆழமாக இறக்கினால் கொம்பு வளைகிற இடத்தில் நார் பிய்த்துக்கொண்டு வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். அந்த வாசனை இருக்கிறதே! கொடைக்கானல் பைன் காட்டையும் டர்பென்டைனையும் கலந்து வீட்டுக்குள் ஊற்றியதுபோல. மூன்று நாள் என் சட்டையில் இருந்தது. துவைக்க மனசு வரவில்லை.

கழுத்து உட்காரும் குழியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கிட்டார் செய்வதில் உயிர் போகிற வேலை அதுதான். ஆழம் ஐந்து நூல். (மில்லிமீட்டரில் 16 என்று யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு ஆசாரிதான் "அஞ்சு நூல்தானே சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.) அகலத்தைக் கழுத்துக்கு ஒரு மயிரிழை குறைவாகவே வெட்டிவிட்டு, மீதியை உளியால் சுரண்டிச் சுரண்டிச் சரிபார்த்தேன். பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ கழுத்து 'ச்சக்' என்று உட்கார்ந்தது. திருகு போடாமலே கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன், உடலும் கூடவே வந்தது. வீட்டில் யாரும் இல்லை. தனியாகக் கைதட்டிக்கொண்டேன்.

கம்பிகள் கீழே உட்காரும் பாலத்துக்கு இடம் குறிக்க இரண்டு நூல் கயிறு. கழுத்தின் இரண்டு ஓரத்தையும் ஒட்டிக் கீழே வரை இழுத்துப் பிடித்தால் நடுக்கோடு தானாகக் கிடைக்கும். கழுத்தின் மேல்முனையில் இருக்கிற நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு 324 மில்லிமீட்டர், அங்கிருந்து பாலத்துக்கு இன்னொரு 324. இதில் தப்பு செய்தால் ஆயுசுக்கும் சுருதி சேராது.

தப்பு செய்தது வேறு இடத்தில். கம்பிகள் உடலைத் துளைத்துப் பின்பக்கம் போக ஆறு துளை வேண்டும். பைனில் மெத்தென்ற வளையமும் கெட்டியான வளையமும் மாறி மாறி வரும். துளைப்பான் கெட்டியானதில் முட்டி மெத்தென்ற பக்கம் சறுக்கிவிடுகிறது. முன்பக்கம் நூல் பிடித்தாற்போல இருந்த ஆறும் பின்பக்கம் குடித்துவிட்டு வருகிறவர்கள் மாதிரி வெளியே வந்தன. இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. மறுநாள் அதே மரத்தில் குச்சி சீவி அடைத்து, ஒட்டி, இந்த முறை முன்னாலிருந்து பாதி, பின்னாலிருந்து பாதி என்று துளைத்தேன். அடைத்த தடம் இப்போதும் தெரிகிறது, தெரியட்டும்.

பைன் மெத்து, உண்மைதான். நகம் பட்டால் தழும்பு விழும். ஆனால் அதற்கு வைத்தியமும் அதிலேயே இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் விழுந்து குழிந்த இடத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். ஆவி ஏறி நார் உப்பி மேலே வந்தது, பூரி மாதிரி! திருகுத் துளைகளில் ஒரு சொட்டு ஃபெவிகுவிக் விட்டுக் காய்ந்த பிறகு திருகினால் புரி நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

சாயம் மட்டும் பைனுக்கு ஆகாது. திட்டுத் திட்டாகக் குடிக்கும். முதலில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து நீர்க்க ஒரு பூச்சு கொடுத்தேன். கணுவிலிருந்து பிசின் கசிவதையும் அதுவே அடைத்துவிட்டது. பிறகு சாயமே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அரக்கையே பழந்துணியில் ஒற்றி ஒற்றிப் பத்துப் பன்னிரண்டு கோட் போட, மரம் கருப்பட்டிப் பாகின் நிறத்துக்கு வந்து நின்றது. கீழ் வளைவில் ஒரு கணு, கண் மாதிரி. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

உடல் எடை 1 கிலோ 900 கிராம். கம்பி மாட்டி, ஆம்ப்பில் செருகாமலே ஒரு ஈ கார்டு அடித்தேன். வயிற்றில் அதிர்ந்தது. செருகி, பாலத்தை ஒட்டிய பிக்கப்பை மட்டும் திறந்து அடித்தபோது, வெண்கலப் பாத்திரத்தில் சுண்டியதுபோல அந்த டெலிகாஸ்டர் 'டங்'. மரத்தால் ஒலி மாறுமா மாறாதா என்று கிட்டார்க்காரர்கள் ஆயுசு பூரா அடித்துக்கொள்கிறார்கள். பெரும்பங்கு பிக்கப்புக்கும் கம்பிக்கும்தான் என்பது என் கட்சி. ஆனால் என் தோளும் வயிறும் வேறு கட்சியில் சேர்ந்துவிட்டன.

ஆசாரி வந்து பார்த்தார். கழுத்துக் குழியில் விரலை வைத்துத் தடவினார். "பரவால்ல சார், நூல் தவறல" என்றார். வேறு யார் சான்றிதழும் எனக்கு வேண்டாம்.

நீங்களும் கிடங்குக்குக் கிளம்புவதாக இருந்தால் ஒன்றே ஒன்று, கட்டையின் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சியைக் கொன்ற மரம், தைரியமாக எடுக்கலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.