வெயிலுக்கு இடம் விடும் கோப்பு

கூடுவாஞ்சேரி நந்திவரம் ஏரியில் உச்சிவெயில் தகதகக்கும். கரை மரத்தடியில் கருநிழல். வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களை இணைத்தால் இரண்டும் கிடைக்கும். அதை வழக்கமான ஜேபெக்கில் சேமித்தால் போச்சு: வண்ணத்துக்கு 256 படிகள்தான். உச்சியைத் தாண்டிய வெளிச்சமெல்லாம் வெறும் வெள்ளை. பிறகு இருட்டாக்கினாலும் அலை தெரியாது, சாம்பல்தான் மிஞ்சும்.

திரைப்பட காட்சி விளைவு நிறுவனமான இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் 2003-இல் பொதுவில் விட்ட ஓபன்இஎக்ஸ்ஆர் (இஎக்ஸ்ஆர்) கோப்பு வடிவத்தின் அழகே வேறு. அதன் 16 பிட் எண்ணில் 10 பிட் நுணுக்கத்துக்கு, 5 அடுக்குக்கு, 1 குறிக்கு. வெள்ளைத்தாள் 1.0 என்றால், வெயில் 65,504 வரை ஏறலாம். இதே வேலைக்கான கிரெக் வார்டின் ரேடியன்ஸ் வடிவமோ மூன்று வண்ணத்துக்கும் ஒரே அடுக்கெண் வைத்துச் சிக்கனம் பிடிக்கிறது.

இந்த ஒளி வீச்சைத் திரைக்கேற்பச் சுருக்குவது கடைசி வேலை. மூலத்தை இஎக்ஸ்ஆரில் வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்புக்கு மட்டும் ஜேபெக் அனுப்புங்கள்.