நிறுவுதிறன் என்றொரு சொல்

2022 ஆகஸ்டில் இந்திய அரசு ஐ.நா.வுக்கு அனுப்பிய காலநிலை உறுதிமொழியை ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தேன். தமிழ் இலக்கியம் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். சொல்லுக்குச் சொல் பொருள் பார்ப்பதுதானே என் வேலை.

2030க்குள் மின் நிறுவுதிறனில் பாதி புதைபடிவ எரிபொருள் சாராததாக இருக்கும் என்கிறது அது. 2025லேயே அந்த இலக்கை எட்டிவிட்டோம். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அடுப்பு இருப்பதும் சோறு வெந்ததும் ஒன்றா? 2024ல் நாட்டில் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. சூரியத்தகடு பகலில் மட்டும் எரிகிற அடுப்பு. அதன் திறனையும் இரவு பகலாக எரியும் நிலக்கரி உலையின் திறனையும் ஒரே தராசில் வைக்கிறது இந்தச் சொல்.

இன்னொரு சொல், 'உமிழ்வுச் செறிவு'. 2005ஐ ஒப்பிட 45 விழுக்காடு குறைப்போம் என்பது வாக்கு. ஒவ்வொரு ரூபாய் உள்நாட்டு உற்பத்திக்கும் ஆகும் உமிழ்வைத்தான் குறைப்பார்கள். 2020க்குள் செறிவு 36 விழுக்காடு குறைந்தது. மொத்த உமிழ்வோ 2005ல் இருந்ததைவிடக் கூடியிருந்தது. புதிதாக வரும் சூரிய, காற்று மின்சாரத்தில் பெரும்பகுதியை வளரும் மின்தேவையே விழுங்கிவிடுகிறது.

வளர்வது யாருடைய தேவை? பிரதியில் பதில் இல்லை. எங்கள் பாலாற்றுக் கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றைக் கெடுத்த தோல் ஆலைகளுக்கு எதிராக 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர், கழிவுநீர் சொட்டும் வெளியேறாதபடி சுத்திகரிக்க, சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் வந்தன. இரண்டும் ஏராளமான ஆற்றல் கேட்பவை. தண்ணீரைக் கழுவ நிலக்கரி எரிகிறது. அதற்காகத் தண்ணீரை விட்டுவிட முடியுமா? இதையும் மால்களின் ஏசியையும் 'மின்தேவை' என்ற ஒரே சொல்லில் அடைப்பது எனக்கு ஒப்பவில்லை.

என் வகுப்பில் ஆம்பூர் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் அம்மா ஷூ அப்பர்களை வீட்டுக்கு வாங்கிவந்து கையால் தைக்கிறவர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. சோறாக்கி, பாத்திரம் கழுவி, சின்னவர்களைத் தூங்கவைத்த பிறகுதான் ஊசியை எடுக்கிறார். விளக்கும் விசிறியும் அவர் வீட்டு மீட்டரில் ஓடுகின்றன. கம்பெனியின் கரண்ட் பில்லில் அந்த இரவு இல்லை. கம்பெனிக் கூரையில் தகடு பதித்தால் அதன் பசுமைக் கணக்கு அழகாகும். அப்போதும் இவர் விளக்கு அதில் வராது. அரசு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது, வீட்டு உபயோகம் என்ற பெயரில். ஏற்றுமதிச் செருப்புக்கான உழைப்பு இப்படி வீட்டு உபயோகமாகிவிடுகிறது! அடுக்களை வேலைக்கு நேர்ந்ததுதான் இதற்கும்.

2024ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீட்டுக் கூரைகளைக் குறிவைக்கிறது. அதைப் பற்றி வகுப்பில் பேசியபோது அந்த மாணவி கேட்டாள்: "வாடகை வீட்டுக்குத் தருவாங்களா மேடம்? அம்மா தைக்கிறது ராத்திரியிலதான்."