வேண்டுகோளும் கட்டளையும்: ‘பயோஷாக்’ விளையாட்டின் எதிர்த்தலைவர்கள்

1. முன்னுரை

நாடகத்திலும் நாவலிலும் எதிர்த்தலைவன் தலைவனுக்குத் தீங்கு செய்கிறான். வாசகர் அதனைக் காண்பவராகவே இருக்கிறார். வீடியோ விளையாட்டின் நிலை வேறு. தலைவனின் செயல்களை ஆடுபவரே தம் கையால் செய்கிறார். ஆகவே எதிர்த்தலைவன் பேசும்போது அவனது பேச்சுக்கு முன்னிலையாக நிற்பவர் கதைமாந்தர் மட்டும் அல்லர், ஆடுபவரும் ஆவார். இவ்வகை எதிர்த்தலைவன் மனத்தில் நிற்பதும் நில்லாமற் போவதும் அவனது உடல் வலிமையைப் பொறுத்தன அல்ல, அவனது சொல் ஆடுபவரைச் செயற்படுத்தும் திறத்தைப் பொறுத்தன என்பதே இக்கட்டுரையின் கருத்து. வெற்றி, தோல்வி ஆகிய இரண்டையும் ஒரே படைப்பில் காட்டும் ‘பயோஷாக்’ இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2. கதையும் ஒரு தொடரும்

கென் லெவினின் தலைமையில் உருவான இவ்விளையாட்டு 2007-இல் வெளிவந்தது. கதை நிகழும் ஆண்டு 1960. அட்லாண்டிக் கடலில் விமானம் விழ, ஜாக் என்பவன் கடலடியில் உள்ள ராப்சர் என்னும் நகரை அடைகிறான். அந்நகரை நிறுவிய ஆண்ட்ரூ ரயன் அரசையும் மதத்தையும் பிறர்க்கு உதவும் அறத்தையும் மறுப்பவன். அட்லஸ் என்னும் ஒருவன் ரேடியோ வழியே ஜாக்குக்கு வழிகாட்டுகிறான். தன் மனைவியையும் குழந்தையையும் காப்பாற்ற உதவுமாறு மன்றாடுகிறான். அவன் அயர்லாந்து நாட்டார் பேசும் பாங்கில் பேசுகிறான். ஏதேனும் ஒன்றைச் செய்யச் சொல்லும் இடங்களில் ‘வுட் யூ கைண்ட்லி’ என்னும் தொடர் அவன் பேச்சில் திரும்பத் திரும்ப வருகிறது. தயவுடன் செய்வாயா என்பது அதன் நேர்ப்பொருள்.

கதையின் நடுவில் ரயன் உண்மையை உடைக்கிறான். அத்தொடர் வேண்டுகோள் அன்று. ஜாக்கின் மனத்தில் முன்பே பதிக்கப்பட்ட ஏவற்குறி. விமானத்தில் அவன் வைத்திருந்த பொதியின் குறிப்பிலும் அதே தொடர் இருந்தது தெரியவருகிறது. ரயன் அத்தொடரைத் தானே கூறி, தன்னைக் கொல்லுமாறு பணிக்கிறான். கோல்ப் மட்டையால் ஜாக் அவனை அடித்துக் கொல்லும் அக்காட்சியில் ஆடுபவரின் கைக்கு எவ்விதக் கட்டுப்பாடும் இல்லை. அதன்பின் அட்லஸ் தன் வேடத்தைக் களைகிறான். அவன் பிராங்க் பான்டேன் என்னும் கடத்தற்காரன். மனைவியும் குழந்தையும் புனைவு.

3. சொல்லே செயலாதல்

சொல்லுதலே செய்தலாகும் என்பதை ஆஸ்டின் 1962-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். வினா வடிவில் அமைந்த ஒன்று ஏவலாகச் செயற்படும் திறத்தைச் சேர்ல் 1975-இல் ஆராய்ந்தார். ‘பயோஷாக்’ இக்கோட்பாட்டைக் கதையின் அச்சாணியாகவே ஆக்கியுள்ளது. வடிவால் வினா, மரியாதையால் வேண்டுகோள், பயனால் கட்டளை என மூன்று அடுக்குகள் ஒரே தொடரில் அமைகின்றன.

தமிழ் இலக்கண மரபு அறிந்தோர்க்கு இது புதிதன்று. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்னும் பொருள்களை ஒரே வியங்கோள் வடிவம் ஏற்கிறது. விதித்தலா வேண்டலா என்பதைச் சூழலே காட்டுகிறது. மாறாக, ஈ, தா, கொடு என்னும் சொற்களை இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் ஆகியோர்க்குரிய கூற்றாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. அங்கே சொல்லே பேசுவோனின் நிலையைக் காட்டிவிடும். ‘ஈ’ என்று இரந்துகொண்டே ‘கொடு’ என்று ஆள்பவன் பான்டேன். அவனது கவர்ச்சி முழுவதும் இம்முரணில் அடங்கியுள்ளது. உண்மை வெளிப்படும்போது ஆடுபவர் அஞ்சுவது அவனைக் கண்டு அன்று. தாம் இதுவரை ஐயமின்றிக் கீழ்ப்படிந்ததை எண்ணியே.

4. மொழிபெயர்ப்பாளரின் இடர்

இத்தொடரைப் பெயர்ப்பவர் மூன்று தேவைகளை ஒருங்கே நிறைவேற்ற வேண்டும். தொடர் இயல்பாக ஒலிக்க வேண்டும். எல்லா இடங்களிலும் மாறாமல் வர வேண்டும். பின்னர் நினைவுகூரத்தக்க தனித்தன்மையும் பெற்றிருக்க வேண்டும். ஒரே சொல்லைத் திரும்பக் கூறாமல் வேறுபடுத்தி எழுதும் நல்ல நடைக்குரிய பழக்கம் இங்குப் படைப்பையே அழித்துவிடும்.

தமிழில் ‘தயவுசெய்து’ என்பது முதலில் தோன்றும். ஆனால் அது அறிவிப்புப் பலகையின் மொழி. உயிருக்கு மன்றாடுவோன் வாயில் பொருந்தாது. பேச்சுத் தமிழில் பணிவைச் சுமப்பவை ‘கொஞ்சம்’ என்னும் சொல்லும் ‘-ங்க’ என்னும் ஈறும் ஆகும். ‘கொஞ்சம் அந்த ரேடியோவை எடு’ என்பது இயல்பானது. எனினும் அச்சொல் எங்கும் வழங்குவதால் பின்னர் எவர் நினைவிலும் எழாது. ‘உனக்குப் புண்ணியமாப் போகும்’ என்னும் வழக்கு மூன்று தேவைகளுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கிறது. இரப்போன் வாயில் அது இயல்பு. சற்றே பழமை வாய்ந்தது. மாறாமல் திரும்பவும் வரக்கூடியது. மதம் மறுக்கப்பட்ட நகரில் புண்ணியம் என்னும் கருத்து நுழைவது குறையே. ஆயினும் ‘கைண்ட்லி’ என்பதில் உள்ள தயவும் ரயன் மறுத்த பண்பே ஆதலின், அக்குறையைப் பொறுக்கலாம்.

விளிப்பெயரும் கருதத்தக்கது. அட்லஸ் ஜாக்கை உரிமையுடன் அழைப்பவன். ஆதலால் ‘தம்பி’ என்பதும் ‘நீ’ என்பதும் பொருந்தும். வேடம் கலைந்தபின் பான்டேனின் பேச்சில் ‘டா’ வரலாம். அதற்குமுன் ஓரிடத்தில் வந்தாலும் மறைபொருள் வெளிப்பட்டுவிடும்.

5. சொல் ஒழிந்தபின்

இத்தகைய எதிர்த்தலைவன் இறுதியில் நிறைவளிக்காமற் போவது நோக்கத்தக்கது. தொடக்கத்தில் பான்டேன் மற்றொரு குறிச்சொல்லால் ஜாக்கின் இதயத்தை நிறுத்த முயல்கிறான். ஆடுபவரின் உயிரளவும் குறைகிறது. அதுவரை சொல்லுக்கு ஆற்றல் உண்டு. மாற்றுமருந்து கிடைத்தபின் அவன் பேச்சு வெறும் வசையாகிறது. கடைசியில் அவன் மாபெரும் உடல்பெற்ற சிலைபோல் நின்று அடிதடியில் இறங்குகிறான். எந்த விளையாட்டிலும் காணக்கூடிய பகைவனாக அவன் சுருங்கிவிடுகிறான்.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. விடுதலை பெற்றபின்னும் ஆடுபவர் டெனன்பாம் என்னும் பெண்மணியின் ஏவலை முன்போலவே நிறைவேற்றுகிறார், மறுக்க வழியில்லை. ஆடும் முறை தன்னலத்தைத் தேர்ந்தெடுக்க இடம்தர, கதை அட்லஸுக்கு உதவுமாறு கட்டாயப்படுத்துகிறது என்று விளையாட்டு வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007-இலேயே சுட்டிக்காட்டினார். கீழ்ப்படிதலைப் பற்றிய வினாவை எழுப்பிய படைப்பு அதற்கு விடைதேடாமல் விட்டுவிட்டது.

இறுதிப் போர் இவ்வகை விளையாட்டின் இலக்கணம். அதில் சொல்லுக்கு இடமேது என வினவலாம். அதே 2007-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘போர்ட்டல்’ இதற்கு மறுமொழி தருகிறது. அதன் எதிர்த்தலைவி கிளாடோஸ் ஒரு கணினி. எலன் மெக்லைன் குரல் கொடுத்த அது, அலுவலக அறிக்கையின் பணிவான நடையில் கேக் தருவதாக வாக்களித்துக்கொண்டே கொலைக்கு வழிசெய்கிறது. இறுதிப் போரிலும் அதன் பேச்சு ஓய்வதில்லை. அதன் உறுப்புகளில் முதலாவது எரிக்கப்பட்டதும் குரலின் தொனியே மாறுகிறது. அங்கே போரும் மொழியின் ஒரு நிலையாகவே அமைகிறது.

6. முடிவுரை

சொல்லால் ஆள்பவன் சொல்லாலேயே வீழ வேண்டும். உடலால் வீழ்த்தப்படும்போது அவன் வேறொருவன் ஆகிவிடுகிறான். ஆகவே இத்தகைய படைப்புகளைப் பெயர்ப்போர்க்கு மரியாதைத் தொடர்கள் அலங்காரமாகா. பெயர்ப்பில் அத்தொடர் நழுவினால், மூலத்தின் பான்டேன் இறுதியில் அடையும் சிறுமையைப் பெயர்ப்பின் பான்டேன் தொடக்கத்திலேயே அடைவான்.