இடிமழையும் 187உம்

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் சாயங்கால இடிமழை பிடித்துக்கொண்டால் கடைக்காரர்கள் பார்ப்பது மோடத்தின் விளக்கை. நான் பார்ப்பது ரவுட்டரின் நிகழ்வுகள் வரிவரியாகப் பதிவாகும் சிஸ்லாக் கோப்பை. மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் ரவுட்டர் தன் நினைவகத்தில் குறித்து வைத்ததெல்லாம் போய்விடும். அதனால் ஒவ்வொரு வரியையும் அவ்வப்போதே வேறிடத்து யூனிக்ஸ் சர்வருக்கு அனுப்பிவிட வேண்டும்.

1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் தம் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக எழுதிய ஏற்பாடுதான் சிஸ்லாக். யுடிபி 514ஆம் போர்ட் வழியே போகும். போய்ச் சேர்ந்ததா என்று ரவுட்டர் கேட்பதே இல்லை. வெளி லைனே அறுந்தால் அறுந்த செய்தியும் போகாது. அது வேறு வேடிக்கை.

எனக்குப் பிடித்தது வரியின் தலையில் நிற்கும் எண். 187 என்று வைத்துக்கொள்வோம். பிரிவின் எண்ணை 8ஆல் பெருக்கி, அவசரத்தின் அளவைக் கூட்டினால் வருவது அது. சிஸ்கோ ரவுட்டர் வழக்கமாக 'லோக்கல்7' பிரிவில் அனுப்பும். அதன் எண் 23. பெருக்கினால் 184. மிச்சம் 3, அதாவது பிழை. ஒரு போர்ட்டின் இணைப்பு விழுந்தால் இதுதான் வரும். 0 என்றால் இயந்திரமே படுத்துவிட்டது. 7 வெறும் வளவளப்பு. மூன்றே இலக்கத்தில் யார், எவ்வளவு அவசரம் என்ற இரண்டும் அடக்கம். என்ன சிக்கனம்!

கடிகாரம்தான் வம்பு. பேட்டரி இல்லாத பழைய சிஸ்கோ ரவுட்டர் கண்விழிக்கும்போது 1993 மார்ச் 1 என்றே நம்பும். நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி போட்டு, உலக நேரத்துக்கு 8 மணி முந்திய மலேசிய நேரத்தைச் சொல்லிக்கொடுங்கள். இன்னொன்று: வரிகள் மூடாத அஞ்சலட்டையாகப் போவதால், பொது இணையத்தில் அனுப்பினால் விபிஎன் கட்டாயம்.